இரண்டாவது துப்பாக்கிக்கு முதலில் இடம் பார்

உ
சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் மீனாளுக்கு அப்பச்சி எழுதுவது.

ஆத்தாவும் நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாயிருக்கப் பிள்ளையார்பட்டியான் துணை. இடுப்பில் உள்ள கிளாக் 17 பிஸ்டல் போக, மறைவாக இன்னொன்று வைத்துக்கொள்ள உன் ஷெரிப் அலுவலகத்தில் அனுமதி தந்ததையும், அவர்கள் பட்டியலில் உள்ள நான்கு மாடல்களையும் எழுதி, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்தவன் மாடல் பெயரிலிருந்து தொடங்க மாட்டேன். அது உன் உடம்பில் எங்கே இருக்கப்போகிறது என்று முதலில் முடிவு செய். அடுத்தது உறை. துப்பாக்கி அதற்குப் பிறகுதான். கடையில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆசைப்பட்டு வாங்கியதை வைத்துக்கொள்ளத் தோதான இடம் இல்லாமல், ஒரே மாதத்தில் அது மேசை இழுப்பறைக்குப் போய்விடுகிறது.

இரண்டாவது எதற்கு என்பதை மனத்தில் வைத்துக்கொள். முதலாவது கையை விட்டுப் போயிருக்கும், அல்லது காலியாகியோ சிக்கியோ இருக்கும், அல்லது அதை எடுக்க முடியாதபடி உன் வலது கையை எவனோ பிடித்திருப்பான். 1986 ஏப்ரல் 11-ல் மயாமியில் எஃப்.பி.ஐ.காரர்களுக்கும் இரண்டு கொள்ளையருக்கும் நடந்த சண்டையை உங்கள் பயிற்சிப் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். கார்கள் மோதிய வேகத்தில் ஜான் ஹான்லன் என்ற ஏஜெண்டின் .357 ரிவால்வர் கை நழுவிப் போயிற்று. கூடுதலாக வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 36, ஐந்து தோட்டா சின்ன ரிவால்வர், அதை வைத்துத்தான் அவர் சுட்டார். அது தீர்ந்து மறுபடி நிரப்பும்போது கையில் குண்டு பாய்ந்தது. இரண்டாவது துப்பாக்கி ஏன் வேண்டும் என்பதும், அதையும் ஒற்றைக் கையால் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அந்த ஒரு மனிதருக்கு நேர்ந்ததிலேயே இருக்கிறது.

ஆகவே இடது கைக்கு எட்டாத இடம் எதுவும் வேண்டாம். வலது இடுப்பில் கிளாக்கை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே வலது பாக்கெட்டில் இன்னொன்று வைப்பதில் பாதிப் பயன்தான். முதுகுத்தண்டின் மேல் வைக்கும் உறையை நினைக்கவே நினைக்காதே. மல்லாக்க விழுந்தால் இரும்பு நேரே எலும்பில் இறங்கும். கைப்பையும் கூடாது.

கணுக்கால் உறை பலருக்குப் பிடிக்கும். வலக்கைக்காரர் இடது காலின் உட்புறம் கட்டுவார்கள். காரில் உட்கார்ந்திருக்கும்போது கை எட்டும், அது உண்மை. நின்றுகொண்டிருந்தால் ஒரு முழங்காலை மடக்கி, ஒரு கையால் கால்சட்டையைத் தூக்கி, மறு கையால் எடுக்க வேண்டும். இரண்டு கையும் குனியும் நேரமும் அந்த நேரத்தில் கிடைக்குமா என்று யோசி. அரைக் கிலோவுக்கு மேல் கட்டிக்கொண்டு ஒரு வேலைநேரம் முழுக்க நடந்தால் தோல் உரியும், தெருப்புழுதி அத்தனையும் அதில்தான் ஏறும். நான் மூன்றாவது இடம்தான் தருவேன்.

கால்சட்டையின் இடது முன் பாக்கெட் நல்ல இடம். சந்தேகப்படும்படி ஒருவன் எதிரே நிற்கும்போது, பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பிடியைப் பற்றிக்கொண்டே நீ சாதாரணமாகப் பேசலாம், அவனுக்குத் தெரியாது. குறை என்னவென்றால், சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது எடுக்க வராது. நீ பெரும்பாலும் காரில்தான் சுற்றுகிறாய். அதனால் குண்டு துளைக்காத அங்கியில், இடது அக்குளுக்குக் கீழே சற்று முன்பக்கமாகப் பொருத்தும் உறைதான் உனக்கு முதல் தேர்வு. அங்கிக்கு மேல் சட்டை போடுவதானால் அந்தச் சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஜிப் இருக்க வேண்டும். இரண்டு கையும் அங்கே எட்டுகிறதா என்று அங்கியை மாட்டிக்கொண்டே பார். நின்று பார், உட்கார்ந்து பார், தரையில் படுத்தும் பார்.

எந்த உறையானாலும் டிரிக்கர் வளையத்தை முழுக்க மூடியிருக்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே அழுந்தாத கெட்டியான பொருளாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் உறையில்லாமல் ஒருநாளும் போடாதே. அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா என்று வேறெதுவும் இருக்கக்கூடாது. துப்பாக்கியை இழுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். கூடவே வந்தால் அந்த உறை வேண்டாம்.

இப்போது உன் நான்கு மாடல்களுக்கு வருகிறேன். கிளாக் 26-ன் பெரிய வசதி, உன் 17-ன் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, அதிலும் போகும், டிரிக்கரும் விரலுக்குப் பழகினது. இதன் சொந்த மேகசினில் பத்து. ஆனால் தடிமன் குறையவில்லை. நிறைத்தால் 700 கிராமைத் தாண்டும். பாக்கெட்டுக்குப் பெரிது, கணுக்காலுக்குப் பாரம், அங்கிக்கு மட்டும் சரி. சிக் பி365 மெலிது, வெறுமனே அரைக் கிலோ, அதிலும் பத்து. உன் பெல்ட்டில் இருக்கும் மேகசின் அதற்கு உதவாது. ரூகர் எல்சிபி 270 கிராம்தான், சட்டைப்பையில்கூடத் தெரியாது. ஆனால் .380 தோட்டா சின்னக் குழலிலிருந்து போதிய ஆழம் போவதற்கும் முனை விரிவதற்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பிடிக்கக் கிடைக்கும் இடமும் இரண்டு விரலுக்குத்தான். வேறெதையுமே மறைக்க முடியாத உடையில் அது போதும். உன் வேலைக்கு அது வேண்டாம்.

நான் சொல்வது நான்காவது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. ஐந்தே தோட்டா, .38 ஸ்பெஷல், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த குழல், சுமார் 410 கிராம். பழைய காலத்துச் சாமான் என்று உன் கூட்டாளிகள் சொல்வார்கள். காரணத்தைக் கேள். கட்டிப்புரளும் சண்டையில் பிஸ்டலின் வாயை எதிரியின் உடம்போடு அழுத்தினால், மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடு கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகும். டிரிக்கர் தொடர்பு விட்டுப்போய் வெடிக்காது. ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. பிடி தளர்ந்திருந்தால் பிஸ்டலின் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் வெற்றுக்கூடு சிக்கும். காயம்பட்ட இடக்கையில் பிடி தளரத்தான் செய்யும். 642-ல் அடிக்கும் சுத்தியான ஹேமர் உடலுக்குள்ளேயே இருப்பதால் துணியில் மாட்டாது. தவிர்க்க முடியாமல் பாக்கெட்டுக்குள்ளிருந்தே சுட நேர்ந்தாலும் ஐந்தும் வெடிக்கும். ஸ்லைடு உள்ள பிஸ்டல் துணிக்குள் ஒன்றோடு நிற்க வாய்ப்பு அதிகம். தோட்டா எண்ணிக்கை உன் இடுப்பில் உள்ள 17-க்கு முக்கியம். இதற்கு முக்கியம், எந்த நிலையிலும் வெடிப்பதுதான்.

அதற்கு நீ கொடுக்கும் விலை டிரிக்கர். கிளாக்கில் இரண்டரைக் கிலோ இழுவை என்றால் இதில் ஐந்தரைக் கிலோ வரும், தூரமும் நீளம். கடையில் வெறும் துப்பாக்கியைப் பிடித்துப் பார்: குழல் உன் முழங்கையோடு நேர்கோட்டில் இருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிக்கருக்கு எட்ட வேண்டும். அதற்காகக் கையைத் திருப்ப வேண்டியிருந்தால் சுடும்போது குறி விலகும். பிடியைப் பெரிதாக்கினால் சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்கும், உதைப்பு குறையும். ஆனால் ரப்பர் பிடி பாக்கெட் துணியில் ஒட்டி இழுக்கும். வழவழப்பான சின்னப் பிடியே வைத்துக்கொள். உட்பூட்டு உள்ள மாதிரியும் இல்லாத மாதிரியும் விற்கிறார்கள். இல்லாததை வாங்கு, பூட்டு பெட்டியில் இருக்கட்டும்.

வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே சோதித்துவிடு. சிலிண்டரைத் திறந்து ஐந்து அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார். மூடிவிட்டு, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விடு. 0.10-லிருந்து 0.25 மி.மீ.க்குள் இருக்கலாம். அதற்கு மேலென்றால் ஈயச் சிதறல் பக்கவாட்டில் தெறிக்கும், மிகவும் இறுக்கமென்றால் நாலு ரவுண்டு சுட்டதும் கரி ஏறிச் சிலிண்டர் சுற்றாது. சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார். உணரும்படி ஆட்டம் கூடாது. பிறகு டிரிக்கரை மெதுவாக இழுத்து, ஒவ்வொரு அறையும் ஹேமர் விழுமுன் ‘டக்’கென்று பூட்டிக்கொள்கிறதா என்று ஐந்துக்கும் பார். தோட்டாக்கூடுகளை வெளியே தள்ளும் கம்பி தளர்ந்திருந்தால் சிலிண்டர் திறக்காமல் போகும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அந்த மறை எதிர்ப்பக்கம் திருகினால்தான் இறுகும்.

தோட்டா விஷயத்தில் அவசரப்படாதே. சின்னக் குழலில் வேகம் குறைவதால், நீளக் குழலுக்குச் செய்த குழிமுனைத் தோட்டா பல நேரம் விரியாது. சின்னக் குழலுக்கென்றே செய்த 135 கிரெய்ன் எடையுள்ள, அழுத்தம் கூட்டிய கோல்ட் டாட் +பி இருக்கிறது. உதைப்பு உன்னால் தாங்கவில்லையென்றால் தட்டை முனை 148 கிரெய்ன் வாட்கட்டர். வேகம் குறைவு, ஆனால் நேராக ஆழம் போகும், ஐந்தையும் குறி தவறாமல் சுடவும் முடியும். மனம் கூசாமல் சொல்வேன், தவறிப் போகும் பலமான தோட்டாவைவிடப் படும் மெதுவான தோட்டா மேல். வாட்கட்டரின் தட்டை முனை அவசரத்தில் அறைவாயில் இடறும் என்பதால், மறுபடி நிரப்ப வைத்திருப்பது உருண்டை முனையாக இருக்கட்டும். அதைத் தட்டையான ரப்பர் பட்டையில் வை; வட்ட லோடர் பாக்கெட்டில் புடைக்கும்.

எடை குறைந்த ரிவால்வரில் இன்னொரு கோளாறு உண்டு. உதைக்கும்போது, இன்னும் சுடாத தோட்டாவின் ஈயம் கூட்டிலிருந்து மெல்ல முன்னுக்கு வரும். வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுற்றாது, அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஐந்தாவது தோட்டாவின் நீளத்தை வெர்னியரில் அளந்து, நான்கைச் சுட்டு, மறுபடி அள. நீண்டிருந்தால் அந்தத் தோட்டாவை வாங்காதே.

நிரப்பும் பழக்கத்தையும் சரியாகப் போட்டுக்கொள். குழல் வாய் வானம் பார்க்கட்டும். கம்பியை உள்ளங்கையால் ஒரே அடி. கம்பி கட்டை என்பதால் மெதுவாகத் தள்ளினால் கூடுகள் பாதியில் நிற்கும், ஒன்று, கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். வாய் கீழே பார்த்தால் எரியாத மருந்துத் துகள் அதே தகட்டுக்கு அடியில் விழும். பிறகு சிலிண்டர் மூடாது. வாரம் ஒருமுறை அங்கே காய்ந்த பல்துலக்கி போட்டுத் தேய். எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். கூடுதலாக விட்டால் பாக்கெட் பஞ்சோடு சேர்ந்து ஆட்டிய மாவு மாதிரி ஆகிவிடும். டெக்சாஸ் வெயிலில் வியர்வை உப்பு திருகுகளில்தான் முதலில் துருவாகும், வேலை முடிந்ததும் அவற்றைத் துடை.

இடது கையால் மட்டும் எடுப்பதை வெறும் துப்பாக்கியோடு தினம் பத்து முறை. தோட்டா வேறு அறையில் இருக்கட்டும். சுடும் களத்தில் ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு சுற்று இடது கையால், மூன்று கஜத்திலிருந்து ஏழு கஜத்துக்குள். சீரியல் எண்ணை உன் அலுவலகத்தில் பதிந்து, அதோடு தனியாகத் தகுதிச் சுடுதலும் முடித்த பிறகே அணி. உன்னோடு ரோந்து வருபவரிடம் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவை.

வீட்டில் பேரன் இருக்கிறான். இடுப்புத் துப்பாக்கியை யாரும் மறப்பதில்லை. அங்கியோடு நாற்காலியில் தொங்குவது இரண்டாவதுதான். அங்கியைக் கழற்றும் முன்பே அதை எடுத்துப் பெட்டியில் பூட்டு. பெட்டியைச் சுவரோடு திருகி வை. உங்கள் மாநிலத்தில், நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்கு அது கிடைத்துவிட்டால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் எழுதுவேன்.

இங்கே தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருகிறோம். உன் கிளாக் சுடும் 9 மி.மீ. சாதாரண ஆளுக்கு இங்கே கிடையாது. உனக்கு அங்கே பழகிப்போனது இங்கே வழக்காகும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள வரும்போது, சுடும் களத்துக்குக் கொண்டுபோகிற பை எதையும் பயணத்துக்கு எடுக்காதே. லைசென்ஸ் இல்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் 1959 ஆயுதச் சட்டத்தின் 25-வது பிரிவு. பையின் ஓரத்தில் கிடந்தது தெரியாது என்று சொல்வதை விமான நிலையத்தில் கேட்டுக்கொள்ள மாட்டார்கள், அதைக் கோர்ட்டில்தான் சொல்ல வேண்டியிருக்கும். வெற்றுக்கூடும் வேண்டாம். பெட்டியைக் கவிழ்த்து, உள்துணியின் தையல் வரை விரலால் தடவிப் பார். ஜாக்கெட் பாக்கெட்டுகளையும், பேரனின் பையையும்கூட.

உன் அங்கி எந்த வகை, சட்டைக்கு உள்ளேயா வெளியேயா என்று எழுது. உறைக்கு அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்ல முடியும்.

அன்புடன்,
அப்பச்சி