சாவி யார் இடுப்பில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் பக்கத்தில் போதை மறுவாழ்வு மையங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நடுவில் ஒரு வரி: 'குடிநோயாளிகள் வெளியே போவதற்காக எதையாவது புகார் சொல்வது வழக்கம்.' எழுதியவர் அப்படியொரு மையத்தில் ஒரு ராத்திரியாவது படுத்திருக்கிறாரா? கேட்டுச் சொல்லுங்கள்.

என் தம்பி விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு 61 நாள் சும்மா கிடக்கும், அவனும் கிடப்பான், டாஸ்மாக் மட்டும் கிடக்காது. (தடைக்கால நிவாரணம் எங்கே போய்ச் சேர்கிறது என்று முன்பே ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் போடவில்லை. சரி, போகட்டும்.)

ஒருநாள் ராத்திரி மையத்து வேன் வந்தது. நாலு பேர் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போட்டவன் நான்தான், மறைக்கவில்லை. டாக்டர் யாரும் அவனைப் பார்க்கவில்லை. தினமும் குடிக்கிறவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பது எனக்குத் தெரியாது. மையம் நடத்துகிறவர்களுக்குமா தெரியாது? மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். மொட்டை அடித்தார்கள், பாத்திரம் தேய்க்க விட்டார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பாராம். "நல்லா இருக்கேண்ணே" என்பான். நானும் நம்பி மாதாமாதம் பணம் கட்டினேன். 74 நாள்!

புகார்ப் பெட்டியும் இருந்ததாம். அதன் சாவி நடத்துகிறவர் இடுப்பில்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் தெரியும். குடியால் வரும் மனநலக் கோளாறும் அதில் அடக்கம். சம்மதமில்லாமல் சேர்ப்பதென்றால் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். 30 நாளுக்கு மேல் வைக்க அந்த வாரியம் அனுமதிக்க வேண்டும். கட்டாய மொட்டை கூடாது. புகார் செய்வது நோயாளியின் உரிமை.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகம் போனேன். பக்கத்துக் கட்டடம் என்றார்கள். பக்கத்துக் கட்டடத்தில், "தம்பி இப்ப குடிக்கிறாரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்புறம் என்ன புகார்?" குடித்தால் பேச்சு எடுபடாது, குடிக்காவிட்டால் புகாரே கிடையாது.

ஏர்வாடியும் நம் மாவட்டம்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு கிடந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அவர்கள் அலறியபோதும் 'கத்துவது வழக்கம்' என்றுதான் யாராவது திரும்பிப் படுத்தார்களோ என்னவோ.

மறுப்பெல்லாம் போட வேண்டாம். 'குடியை மறக்க, வீட்டுக்கே வந்து அழைத்துச் செல்வோம்' என்று உங்கள் வரி விளம்பரத்தில் வருகிறதே, அதற்குக் கீழே மறுஆய்வு வாரியத்தின் முகவரியை ஒரே ஒரு வரி போட முடியுமா? கட்டணம் உண்டென்றால் சொல்லுங்கள். மையத்துக்கே கட்டினேன், உங்களுக்குக் கட்ட மாட்டேனா?

இப்படிக்கு,
ஓர் அண்ணன்,
பாம்பன்.