கிரீடத்தைத் தூக்கியது யார் கை?

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். "ஆட்சி நம் மதத்துக்காரர் கையில் இருந்தால் மதத்துக்கு நல்லதுதானே?" என்று போனில் கேட்டாய். சட்டென்று பதில் வரவில்லை. மூன்று நாளாக அதே நினைப்பு. காலையில் பிரார்த்தனை முடியாமல் நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். அந்தப் பக்தியால்தான் எனக்குப் பயமே.

1077 ஜனவரி. இத்தாலியில் கனோசா கோட்டை வாசலில் ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றி மூன்று நாள் பனியில் வெறுங்காலோடு நின்றான். உள்ளே போப் ஏழாம் கிரிகோரி. அவர் மன்னித்தால்தான் அரியணை தங்கும். மதம் ஜெயித்துவிட்டது என்றுதான் அன்று யாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் 1084-இல் அதே ஹென்றி படையோடு ரோமுக்குள் வந்தான். கிரிகோரி மறு வருடம் சலேர்னோவில், ரோமுக்குத் திரும்ப முடியாமலே கண்மூடினார்.

800-இல், ஐரோப்பாவின் பெரும் பகுதியை ஆண்ட சார்லமேனின் தலையில் முடிசூட்டியவர் போப். 1804-இல் நெப்போலியனின் முடிசூட்டு விழாவுக்காகப் பாரிஸ் வரை வந்தார் போப் ஏழாம் பயஸ். நெப்போலியன் கிரீடத்தைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். போப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தே வருடத்தில் அவரைக் கைது செய்து கொண்டுபோனதும் அவன் ஆட்கள்தான்.

இதைவிட எனக்கு வலிப்பது வேறு. ரோமில் அடியும் உதையும் பட்ட கிறிஸ்தவர்களுக்கு 313-இல் நிம்மதி கிடைத்தது. 380-இல் அவர்கள் மதமே அரச மதம். சில ஆண்டுகளிலேயே பிரிசில்லியன் என்ற பிஷப்பை, தவறான போதனை செய்கிறார் என்று சக பிஷப்புகளே குற்றம்சாட்ட, அரசு கொன்றது. அடிபட்டவன் கைக்கே கம்பு வந்துவிட்டது, பார்த்தாயா?

அப்புறம், மதத்தை ஆட்சியிலிருந்து விலக்கி வைத்த இடத்திலும் அரசு சும்மா இருப்பதில்லை. துருக்கி 1924-இல் கலீஃபா என்ற முஸ்லிம் தலைவர் பதவியை ஒழித்த அன்றே, மதக் காரியங்களைக் கவனிக்கத் தனியாக ஓர் அரசு அலுவலகத்தையும் அமைத்தது. இன்றும் அங்கே இமாமுக்குச் சம்பளம் தருவது அரசு.

நீ சொன்னதில் ஒன்று சரி. கும்பிடுகிறவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். அதைச் சட்டம் தரட்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஆள்பவர் நம்மவர் என்ற தயவில் வருவது எனக்கு வேண்டாம். அவர் நாளைக்கு என் பிரார்த்தனையில் எந்த வரியை எடு, எதைச் சேர் என்று சொன்னால் நான் யாரிடம் போய் முறையிடுவேன்?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. உன் பக்கத்தையும் பொறுமையாகக் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா