முதலில் நங்கூரத்தைத் தூக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுலாக் கடற்கரைகளில் பவளப்பாறைகளை மீட்பது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சிமென்ட் வட்டில் ஒட்டிய பவளத்துண்டை ஒருவர் கையில் ஏந்தி நிற்கும் படம் கண்ணை விட்டு அகலவில்லை. ஆனால் நட்ட இடத்தில் அந்தத் துண்டின் தலையில் நாளை எது வந்து விழும் என்று கட்டுரை கேட்கவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு காலையில் பவளத்திட்டுக்கு மேலே முகமூடி அணிந்து மிதந்துகொண்டிருந்தேன். எங்களை அழைத்து வந்த படகிலிருந்தே நங்கூரம் இறங்கி, மான்கொம்புப் பவளக் கொத்தின் நடுவே விழுந்தது. முறியும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. நங்கூரத்தைவிடச் சங்கிலி கொடியது. நீரோட்டத்தில் படகு திரும்பத் திரும்ப, சங்கிலியும் அடித்தரையை அரைத்தபடியே அரைவட்டம் போட்டது. போன வழியெல்லாம் வெள்ளைத் தூள் கிளம்பியது. அதே நேரம் உடன் வந்த ஒருவர் முகமூடியைச் சரிசெய்ய ஒரு மூளைப் பவளத்தின் மேல் ஏறி நின்றார். அவரை நோக மாட்டேன். கல் என்றுதான் நினைத்தார். அதற்கு உயிர் உண்டு என்று படகில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எண்ணற்ற சிறு விலங்குகள் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட வீடு அது. மூளைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதே அரிது. அவர் கால் வைத்தது அவருடைய பாட்டனாரைவிட மூத்ததாக இருந்திருக்கலாம். அதை முறித்துவிட்டு விரல் நீளத் துண்டு ஒன்றை நடுவதற்கு 'மீட்பு' என்று எப்படிப் பெயர் வைப்பது?

நடுவதை நான் எதிர்க்கவில்லை. நாற்றங்காலில் வளர்த்து நட்ட பவளங்கள் வேர்பிடித்ததுபோல் பாறையோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்து மகிழ்ந்தவன்தான். என் வருத்தமெல்லாம் வேலையின் வரிசை பற்றியது. கடலடியில் துளையிட்டுப் பொருத்தும் நிரந்தர மிதவையில் படகைக் கட்டினால் நங்கூரமே தேவையில்லை. ஃபுளோரிடாவில் 1980களிலேயே இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. விடுதிகளின் கழிவுநீரையும் அப்படித்தான் நடுவதற்கு முன்பே கவனிக்க வேண்டும். சுத்திகரிக்காமல் கடலில் விட்டால் அதிலுள்ள சத்தைத் தின்று பாசி கொழுக்கிறது. பவளத்தை மூடி மூச்சடைக்கிறது. அந்தப் பாசியை மேய்ந்து தீர்க்க வேண்டிய மீன்களுக்கோ நாம் ரொட்டியைத் தூவிக் கொண்டிருக்கிறோம்!

தாய்லாந்தின் மாயா விரிகுடாவுக்கு ஒரு காலத்தில் நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர் வரை வந்தார்கள். 2018 ஜூனில் அதை மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இடையில் பவளம் நட்டார்கள் என்பது உண்மை. ஆனால் முதலில் படகுகளையும் கூட்டத்தையும் வெளியே நிறுத்திவிட்டுத்தான் நட்டார்கள். கருமுனைச் சுறாக்கள் கரையோர ஆழமற்ற நீருக்குத் திரும்பின. திறந்த பிறகும் விரிகுடாவுக்குள் படகுக்கு அனுமதியில்லை. தீவின் பின்புறம் இறங்கி நடந்துதான் வர வேண்டும். கட்டுப்பாடு வைத்தால் பயணிகள் வர மாட்டார்கள் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே இன்றும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கடல் சூடேறுவதை எந்தக் கடற்கரை ஊராலும் தனியாகத் தடுக்க முடியாது என்பதை அறிவேன். 2023 கோடையில் ஃபுளோரிடாவின் கடல் நாற்றங்கால்களிலிருந்து பவளங்களை அள்ளி, கரையிலுள்ள தொட்டிகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நடுவதை மட்டுமே நம்பியிருக்க முடியாது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? வெப்பத்தால் வெளுத்த பவளம், வெப்பம் தணிந்ததும் தேறக்கூடும். ஏற்கெனவே பாசியாலும் சங்கிலியாலும் நொந்து கிடப்பது தேறுவது கடினம். நங்கூரமும் கழிவுநீரும் நம் கையில் இருப்பவை.

தங்கள் நிருபர் அடுத்த நடவு விழாவுக்குச் செல்லும்போது இரண்டு கேள்விகள் கேட்கட்டும். போன ஆண்டு நட்டவற்றில் இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றன? விழாவுக்கு வந்த படகுகள் எதில் கட்டப்பட்டிருக்கின்றன? கிடைக்கும் பதிலைப் படத்துக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்