குமிழித்தூம்புகளைப் பதிவு செய்யக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலை, அன்னவாசல் கண்மாய்களில் நிற்கும் குமிழித்தூம்புக் கற்களை, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய கல்மடைகளை, அளந்து, படமெடுத்து, எழுத்துள்ளவற்றை மைப்படி (தாளில் மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுக்கும் வேலை இந்தக் கோடையோடு ஒரு கட்டத்துக்கு வந்திருக்கிறது. யாருக்கு எதற்காக நன்றி என்பதைச் சற்று விவரமாகவே எழுதுகிறோம். தங்கள் ஊரில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி நீர்பாய்ச்சிகளுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும்தான். எந்தக் கண்மாயில் எந்த மூலையில் கல் நிற்கிறது, எது கருவேலம் புதருக்குள் மறைந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டு கல்தூணும் நடுவே குறுக்குக் கல்லும் மட்டுமே தெரியும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றிய பிறகு உள்ளே இறங்கினால்தான் அடியிலுள்ள கல்தொட்டியைப் பார்க்கலாம். தொட்டியின் மேல்மூடியில் இருக்கும் பெரிய துளை நீரோடி. கீழே, தரைமட்டத்தை ஒட்டி இருக்கும் சிறிய துளைகள் சேறோடி. மேலிருந்து அடைப்பைத் தூக்கினால் நீரோடி வழியாக இறங்கும் தண்ணீர், கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியே வயலுக்குப் பாயும். அந்த இழுப்பில் சேறோடி வழியாக வண்டலும் கூடவே போய்விடும். சேறோடி அடைபட்டால் தூம்பைச் சுற்றி மண் மேடு தட்டி, தூணின் அடிப்பகுதியும் அதிலுள்ள கடைசி வரிகளும் புதைந்துபோகும். பல கற்கள் ‘பாதி எழுத்தோடு’ நிற்பதற்குக் காரணம் சிதைவு அல்ல, இந்த மண்தான். அதற்காக மண்வெட்டியோடு இறங்கிவிடவும் கூடாது. தோண்ட வேண்டிய இடத்தைத் தொல்லியல் துறைக்கு எழுதிக் கேட்டுத்தான் தொட வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து பொருள் ஏதும் வெளிப்பட்டால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

தூர்வாரும்போது தூம்பைச் சுற்றிச் சில அடி விட்டு வாளியைத் திருப்பிய ஜேசிபி ஓட்டுநர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அவர்கள் அவசரப்பட்டிருந்தால் எங்களுக்கு வேலையே இருந்திருக்காது.

மைப்படி எடுக்கக் கற்றுக்கொடுத்த, ஓய்வுபெற்ற கல்வெட்டுத் துறைக்காரருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேங்காய் நார்த் தூரிகையால் தேய்ப்பது முதல் வேலை. கம்பித் தூரிகை, ஆசிட் இரண்டையும் கிட்டவே விடாதீர்கள். தூம்புத் தூணைச் சாமியாகக் கும்பிடும் இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். அதன்மேல் தாள் ஒட்டாது. அங்கெல்லாம் பூசாரியே சீயக்காய் கரைத்து ஊற்றிக் கழுவிக் கொடுத்தார். அவருக்கும் நன்றி.

அடுத்து, மேப்லித்தோ தாளை நனைத்துக் கல்மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே தட்டுத் தூரிகையால் சீராகத் தட்ட வேண்டும். எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கியது விரல் நுனிக்குத் தெரியும். பசை தேவையில்லை, ஈரமே பிடித்துக்கொள்ளும். இனிப் பதம்தான் எல்லாம். ஈரம் மிகுந்திருக்கும்போது மையை ஒற்றினால் பள்ளத்துக்குள்ளும் ஊறி எழுத்து நிரம்பிவிடும். காயவிட்டுவிட்டாலோ ஓரம் கிளம்பி, காற்று தாளோடு போய்விடும். புறங்கையை வைத்தால் குளிர வேண்டும், ஆனால் ஈரம் கையில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். துணிப் பொட்டணத்தில் விளக்குக் கரி மையைத் தொட்டு, முதலில் வேறொரு தாளில் ஒற்றி மிகுதியை எடுத்துவிட்டு, கல்மேல் லேசாகப் பலமுறை ஒற்றினால் கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும். மை தாளின் வெளிமுகத்தில் படுவதால் எழுத்து தலைகீழாகாது, நேரே படிக்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகு உரித்துச் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்புக் கோடு பிற்பாடு எழுத்தின் கோடாகத் தெரிந்து ஏமாற்றும். வைகாசி வெயிலில் படுதாவைப் பிடித்து நிழல் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள் இல்லாவிட்டால் ஒரு தாளும் பதத்துக்கு வந்திருக்காது.

எழுத்தில் சாக்பீஸ் தீட்டிப் படமெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். தீட்டுபவர் எதை நினைக்கிறாரோ அதுவே படத்தில் எழுத்தாகிவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது எடுத்தாலே போதும்.

படித்துச் சரிபார்த்துக் கொடுத்த தமிழாசிரியர்களுக்கு அடுத்த நன்றி. பழைய கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம் என்பதால் ‘கா’, ‘கர’ இரண்டும் கல்லில் ஒன்றாகவே நிற்கும். ‘கோப்பரகேசரி’ என்று கண்டதும் அரசர் பெயர் கிடைத்ததாகத் துள்ள வேண்டாம். அதுவும் ‘கோவிராசகேசரி’யும் சோழர்கள் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். ‘மதிரை (மதுரை) கொண்ட’ என்ற அடைமொழி சேர்ந்திருந்தால்தான் 907இல் பட்டத்துக்கு வந்த முதலாம் பராந்தகர் என்று தைரியமாகச் சொல்லலாம். தூம்பு வைத்தவர் பெயரைப் பிரிப்பதற்கும் ஒரு வழி உண்டு. நார்த்தாமலை விசயாலய சோழீச்சரத்துக் கல்வெட்டில், சாத்தன் பூதி எடுப்பித்த கற்றளி (கற்கோயில்) மழையில் இடிந்துபோக மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததாக வருகிறது. இப்படி இரட்டையாக வரும் பெயர்களில் முன்னால் நிற்பது பொதுவாகத் தகப்பனார் பெயர்.

படித்தது புதிதா, ஏற்கெனவே அச்சேறியதா என்று பார்க்க, புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்ட வேண்டும். அதில் கல்வெட்டுகள் அரச மரபு வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன, ஊர் வாரியாக அல்ல. அன்றைய சமஸ்தானத்தில் குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்று மூன்றே வட்டங்கள். இன்றைய வட்டப் பெயரை வைத்துத் தேடினால் ஊர் அகப்படாது. பக்கம் பக்கமாகத் தேடிக் கொடுத்த நூலகர்கள் பொறுமைசாலிகள்.

கிராம நிர்வாக அலுவலர்கள் ஊரின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டையும், வயல் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் காட்டினார்கள். கண்மாய்க்கு ஒரு சர்வே எண், மடையடி வயல்களுக்கு வேறு எண்கள். யுடிஆர் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுக்குப் பிறகு பல புலங்களின் எண்ணும் உட்பிரிவும் மாறிவிட்டதால், பழைய பத்திரத்திலுள்ள எண்ணை அப்படியே இன்றைய வரைபடத்தில் வைத்தால் கல் அடுத்தவர் வயலில் போய் நிற்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்ட பிறகே இடத்தைக் குறித்தோம். எண்ணில் பிடிபடாத வயல்களைப் பெயர் சொல்லிக் காட்டியவர்கள் நடவுக்குப் போகும் பெரியம்மாக்கள். பட்டாவில் இல்லாத வயல் பெயர்கள் அவர்கள் வாயில்தான் மிச்சமிருக்கின்றன.

படங்கள், அளவுகள், படித்த பாடங்கள் ஆகியவற்றின் நகலை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். பாடத்தில் பிழை கண்டவர்கள் அந்த நகலிலேயே பென்சிலால் குறித்து வையுங்கள். எழுத்துள்ள கல் வேறெதுவும் கண்ணில் பட்டால் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்குமுன் ஒரு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். மழைக்குப் பிறகு அடுத்த சித்திரை வரை கண்மாய்க்குள் இறங்க முடியாது.

இப்படிக்கு,
தூம்புப் பதிவு வேலையில் இருப்பவர்கள்