கண் கடிக்குக் கைக்கெட்டிய துளிமருந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுபோக வெட்டும் கச்சான் காற்றும் சேர்ந்து வரும் இந்நாட்களில், வெட்டுமெசின் கிளப்பும் தூசியாலும் நெற்சுணையாலும் கண் கடித்துச் சிவந்து அவதிப்படுவோர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையெங்கும் உள்ளனர். அண்மையில் ஒரு மருந்துக்கடையில், "தம்பி, போன முறை தந்த அதே மருந்தைத் தாங்க" என்று ஒருவர் கேட்க, வைத்தியரின் துண்டு கேட்கப்படாமலேயே சிறு போத்தல் கைமாறியது. பெட்டியில் டெக்சாமெதசோன் என்று அச்சிடப்பட்டிருந்தது.

இவ்வகை ஸ்டீரொயிட் துளிகள் ஓரிரு நாளில் சிவப்பை அடக்கிவிடும். அதனாலேயே அவற்றுக்கு ஊரில் நல்ல பெயர். ஆனால் மேற்பார்வையின்றி வாரக்கணக்கில் விட்டுவந்தால் கண்ணழுத்தம் நோவு எதையும் காட்டாமலே உயர்ந்து, பார்வை நரம்பைச் சிதைக்கும் குளுக்கோமாவில் முடியலாம், கண்புரையும் உண்டாகலாம். குளுக்கோமாவால் இழந்த பார்வை மீள்வதில்லை.

தூசியால் வரும் இந்த ஒவ்வாமையைக் கிருமியால் தொற்றும் கண்நோயுடன் குழப்பிக்கொள்வதும் இத்துளிகளை நாடுவதற்கு ஒரு காரணம். கண்நோய் பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மற்றதற்குத் தாவும். பீளை கட்டிக் காலையில் இமை ஒட்டும். ஒவ்வாமையிலோ இரு கண்களும் கடிக்கும், தெளிந்த நீர் வடியும், பலருக்குத் தும்மலும் கூடவே வரும். தூசி பட்டதும் கண்சவ்விலுள்ள மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமின் என்னும் இரசாயனத்தை வெளிவிடுவதே கடிக்குக் காரணம் என்பதால், கசக்கக் கசக்க அது மேலும் சுரந்து கடி கூடுமேயன்றித் தணியாது. ஆண்டுக்கணக்கில் கண்ணைக் கசக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி மெலிந்து கூம்பிவிடவும் கூடும்.

குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் பத்து நிமிடம் வைத்தாலே பலருக்குச் சுகம் கிடைக்கும். வயலில் பக்கங்களும் மூடிய கண்ணாடி அணிவதும், வீடு திரும்பியதும் தலைகழுவி உடைமாற்றிய பின்பே தலையணையில் சாய்வதும் நல்லது. தாய்ப்பாலையும் நந்தியாவட்டைப் பூச்சாற்றையும் கண்ணில் விடுவோர், பெரியவர்கள் கோபித்தாலும் சொல்கிறேன், அதை நிறுத்த வேண்டும். கடி தொடர்ந்தால் ஒலோபற்றடீன், கீற்றோட்டிபென் போன்ற ஒவ்வாமைத் துளிகளை வைத்தியர் தருவார். நோவு, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் கண் வைத்தியரை நாட வேண்டும்.

நீர் விடும் திகதியும் விதைப்புத் திகதியும் தீர்மானிக்கப்படும் ஆரம்பக் கூட்டங்களில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவருக்கு இதுபற்றிப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்குமாறு விவசாய அமைப்புகளையும், துண்டின்றி ஸ்டீரொயிட் துளிகள் விற்கப்படுவதைத் தடுக்குமாறு சுகாதார அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிக்குடி.