விதி மாறியதைப் பள்ளி நடுவருக்கு யார் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டிகளில் விசில் ஊதும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு விதி மாற்றங்கள் எடுத்துச் சொல்லப்படும் விதத்தைப் பற்றி, தங்கள் நாளிதழ் வாயிலாகப் பள்ளிக் கல்வித் துறைக்கும் மாவட்டக் கூடைப்பந்துக் கழகங்களுக்கும் சில செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராகவும் பிறகு உடற்கல்வி இயக்குநராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். குறுவட்டப் போட்டிகளுக்கு ஆள் போதவில்லை என்று கூப்பிட்டால் இன்றும் போய் நிற்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது ஓர் அரையிறுதி ஆட்டம். பதினேழு வயதுக்கு உட்பட்டோர் பிரிவு, கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்தங்கிய அணியின் மாணவன் ஒருவன் ஓடிக்கொண்டே பாஸ் வாங்கினான். பந்து கைக்கு வந்தபோது அவனுடைய வலது கால் தரையில் இருந்தது. பிறகு இடது, வலது என்று இரண்டு எட்டு வைத்து எழும்பி லே-அப் போட்டான். பந்து வலைக்குள் போனது. உடனே விசில். நடுவர் இரு கை முஷ்டிகளையும் சுழற்றி, பந்தோடு அளவுக்கு மேல் எட்டு வைத்த குற்றமான 'டிராவலிங்' காட்டினார். "சார், ரெண்டு ஸ்டெப்தான் சார் வெச்சேன்" என்றான் பையன். "மூணு வெச்சே, நான் எண்ணினேன்" என்றார் அவர். மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் தத்தம் பள்ளிக்கு ஏற்ப எண்ணிக்கொண்டார்கள்.

உண்மையில் இருவர் எண்ணியதிலும் பிழையில்லை. நடுவர் தரையில் பட்ட கால்களை எண்ணினார். பையன் விதி எண்ணச் சொல்லும் எட்டுகளை எண்ணினான். பந்தைப் பிடிக்கும்போது எந்தக் கால் தரையில் இருக்கிறதோ அதுதான் பிவட் கால், அதாவது ஊன்றுகால், அதைத் தூக்கலாம், ஆனால் பந்து கையை விட்டுப் போகும் முன் அது மறுபடி தரையைத் தொடக் கூடாது என்பது நாங்கள் எல்லாம் படித்த பாடம். 2017 அக்டோபர் 1 முதல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா இதை மாற்றிவிட்டது. ஓட்டத்தில் இருக்கும் வீரர் பந்தைப் பிடிக்கும் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. பந்து கைவசமான பிறகு தரையைத் தொடும் காலே முதல் எட்டு. அதற்கடுத்து இன்னும் ஓர் எட்டு வைத்து அவர் நிற்கலாம், பாஸ் கொடுக்கலாம், எறியலாம். பிள்ளைகள் இதை 'ஜீரோ ஸ்டெப்' என்கிறார்கள். நின்ற இடத்திலேயே பந்தை வாங்குபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஓட்டத்தில் வாங்கியவர் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (டிரிபிள்) போக நினைத்தால் இரண்டாவது எட்டுக்கு முன்பே பந்தைக் கையிலிருந்து விட்டாக வேண்டும். இவற்றையெல்லாம் அந்த நடுவரிடம் யாரும் நேரில் நின்று சொல்லியிருக்கவில்லை.

அவரை நான் குறை சொல்லவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நேர்மையானவர், வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்து ஆட்டம் நடத்துபவர். அவருக்கு வந்து சேர்ந்ததெல்லாம் வாட்ஸ்ஆப்பில் யாரோ முன்னனுப்பிய ஓர் ஆங்கிலக் கோப்பு. 25ஆம் விதியின் இன்ன பத்தியில் இன்ன சொற்களை நீக்கி இன்ன சொற்களைச் சேர்க்கவும் என்கிற நடையில் எழுதப்பட்ட அதை, பழைய புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தால்தான் பொருள் விளங்கும். கபடி, கோ-கோ, தடகளம், சதுரங்கம், அதோடு காலை வழிபாட்டுக் கூட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் சுமக்கும் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர், இரவு பத்து மணிக்கு அந்த வேலையைச் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

மாற்றங்கள் ஒன்றிரண்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் விசில் பிடித்த காலத்தில் ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளாக இருந்தது. பந்தை முன்பாதிக்குக் கொண்டுபோகப் பத்து விநாடி, எறிய முப்பது விநாடி. 2000இல் அது பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளாகி, எட்டு விநாடி, இருபத்து நான்கு விநாடி என்றானது. 2003இல், இரு அணியினரும் பந்தைப் பற்றிக்கொண்டால் நடுவர் அதை மேலே தூக்கிப் போடும் ஜம்ப் பாலுக்குப் பதிலாக, பந்து எந்த அணிக்கு என்று முறை காட்டும் அம்புக்குறி வந்தது. 2010இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குப் போனது. கூடைக்கு முன்னால் சரிவகமாக இருந்த பகுதி செவ்வகமானது. கூடைக்கு அடியில் 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டமும் சேர்ந்தது. இன்றும் கட்டாந்தரை மைதானங்களில் ஆட்டத்தன்று காலையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடும் பள்ளி ஊழியர், தலைமுறை தலைமுறையாகக் கைக்குப் பழகிய சரிவகத்தைத்தான் போட்டு வைக்கிறார். அந்த அரைவட்டமே இல்லாத களத்தில், கூடைக்கு அடியில் மோதல் நடந்தால் அது தாக்கும் வீரரின் தவறா (சார்ஜிங்), தடுக்கும் வீரரின் தவறா (பிளாக்கிங்) என்று நடுவர் எதைப் பார்த்துச் சொல்வார்?

2014இல் வந்த பதினான்கு விநாடி விதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நடுவரோடு நிற்காமல் மேசையில் உட்காரும் மாணவனையும் பாதிக்கிறது. எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பி, எறிந்த அணியின் கையிலேயே மறுபடி சிக்கினால் புதிதாக இருபத்து நான்கு விநாடி கிடையாது, பதினான்குதான். பெரிய அரங்கங்களில் மின்பலகை இதைப் பார்த்துக்கொள்ளும். நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாட்ச்சோ பூஜ்யத்திலிருந்துதான் ஓடும். இப்போது ஓடுவது இருபத்து நான்குக்கான ஓட்டமா, பதினான்குக்கான ஓட்டமா என்பது இரண்டு ரீபவுண்டு ஆனதுமே அந்தப் பிள்ளைக்கு மறந்துபோகும். இரண்டு வாட்ச் கொடுத்து, ஒன்றில் சிவப்பு ரப்பர் பேண்டு சுற்றி, 'சிவப்பை எடுத்தால் பதினான்கில் கத்து' என்று சொல்லிவைத்தேன். அதன் பிறகு மேசையில் சச்சரவு வரவில்லை. எந்தச் சுற்றறிக்கையிலும் இந்த யோசனை இருக்காது. நாலு பேர் மைதானத்தில் கூடிப் பேசினால்தான் இப்படிப்பட்டவை கைமாறும்.

இன்னொன்று, 2022இல் வந்தது. நான்காம் கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில், எதிரணியினர் வெளிக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே போடும் முன்பே தடுக்கும் அணி வீரர் களத்துக்குள் ஃபவுல் செய்தால், முன்பு அது நெறியற்ற ஃபவுலாகக் கருதப்பட்டு யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டும் பந்தும் கொடுக்கப்பட்டன. இப்போது அது 'த்ரோ-இன் ஃபவுல்'. ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் மட்டுமே. ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்கள் எத்தனை! அங்கே பழைய நினைவில் இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தால், அந்த விசிலே ஒரு பள்ளியை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

விதியோடு அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் அனுபவம். ஜீரோ ஸ்டெப்பைக் கேள்விப்பட்டபோது, ஆட்டத்தைக் கெடுக்கிறார்களே என்று நானும்தான் முணுமுணுத்தேன். ஆனால் 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்துக்காக எழுதிய பதின்மூன்று விதிகளில் மூன்றாவதைப் பாருங்கள். பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று சொல்லிவிட்டு, நல்ல வேகத்தில் ஓடிவரும்போது பந்தைப் பிடித்தவர் நிற்க முயன்றால் அவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அதிலேயே சேர்த்திருக்கிறார். ஓடுகிறவன் சட்டென்று நிற்க முடியாது என்ற அந்தப் பழைய இரக்கத்துக்குத்தான் 2017இல் அளவு குறித்திருக்கிறார்கள். இதைச் சொன்ன பிறகு, பிடிவாதமாக இருந்த இரண்டு மூத்த ஆசிரியர்கள் வாதத்தை விட்டுவிட்டுக் காலை எண்ணத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கென்று தனி விதிப் புத்தகம் உண்டு. மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு அதை வெளியிடுகிறது. அந்த விதிகள் நமக்குப் பொருந்தா. ஆனால் மாற்றத்தை அறிவிக்கும் அவர்களது முறையை நாம் கவனிக்கலாம். 2023-24 ஆட்டப் பருவத்திலிருந்து, முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது என்ற பழைய ஏற்பாட்டை நீக்கி, ஒவ்வொரு கால்பகுதியிலும் ஓர் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து நேராக இரண்டு ஃப்ரீ த்ரோ என்றும், ஃபவுல் கணக்கு கால்பகுதிதோறும் புதிதாகத் தொடங்கும் என்றும் மாற்றினார்கள். மாற்றத்தை அறிவித்தபோதே, இதனால் ரீபவுண்டுக்கான முட்டிமோதல் குறைந்து மாணவர்களுக்குக் காயம் குறையும், நடுவர்கள் கணக்குத் தவறுவதும் குறையும் என்று காரணங்களையும் சொன்னார்கள். காரணம் தெரிந்த நடுவருக்கு விதி மறப்பதில்லை. பயிற்றுநர் வந்து சண்டை போட்டாலும் அவரால் பதில் சொல்ல முடியும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழைய விதியே போதும், அடிப்படை சரியாக வந்தால் சரி என்று வாதிடுவோர் உண்டு. குறுவட்டத்தில் பழைய கணக்கில் ஆடி வென்ற பிள்ளை, மாநிலப் போட்டிக்கோ தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்கோ போனால் அங்கே புதிய கணக்கில் ஆடும் பிள்ளையை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. தனக்கு உரிமையுள்ள ஓர் எட்டை வைக்கத் தயங்கித் தயங்கிப் பழகிய கால் அங்கே போய் எப்படித் துணியும்? கைப்பேசியில் உலக ஆட்டங்களைப் பார்த்துப் பழகும் இன்றைய பிள்ளைகள், விதி விஷயத்தில் சில ஆசிரியர்களை முந்திவிட்டார்கள் என்பதையும் வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ளலாம்.

அந்த அரையிறுதிக்குப் பிறகு, ஒரு பள்ளி மைதானத்தில் ஒரு மாலை ஏழெட்டு ஆசிரியர்கள் கூடினோம். பேச்சைக் குறைத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பாதங்களை வரைந்து பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று எண் போட்டேன். முதலில் மாணவர்களை மெதுவாக நடக்கவிட்டுப் பாஸ் கொடுத்தோம், பிறகு ஓடவிட்டோம். கடைசியில் ஆசிரியர்களே பந்தை வாங்கி எட்டு வைத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆசிரியை, "கண்ணால பார்த்தா மூணுதான் தெரியுது சார், காலால வெச்சுப் பார்த்தாத்தான் ரெண்டு" என்றார். கண் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் நடுவருக்கு இதில் உள்ள சிக்கல்: முதலில் பந்து கைவசமாகும் கணத்தைப் பிடிக்க வேண்டும், அதன் பிறகே கால்களை எண்ணத் தொடங்க வேண்டும். கால்களையே பார்த்துக்கொண்டிருப்பவர் ஒன்று கூடுதலாகத்தான் எண்ணுவார். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. இருபது முறை விசிலை வாயில் வைத்துப் பழக வேண்டும். எங்களுக்கு ஆன நேரம் ஒன்றரை மணி, செலவு ஒரு பெட்டி சாக்பீஸும் தேநீரும்.

துறைக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. ஃபிபாவின் புதிய விதிகள் வழக்கமாக அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வருகின்றன. நம் குறுவட்டப் போட்டிகளோ கல்வியாண்டின் தொடக்க மாதங்களிலேயே தொடங்கிவிடுகின்றன. இதனால் விதி மாறும் ஆண்டில், குறுவட்டத்தில் ஒரு விதிக்கும் மாநிலப் போட்டியில் வேறொரு விதிக்கும் ஒரே அணி ஆட நேரலாம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் போட்டி அட்டவணையோடு அனுப்பும் சுற்றறிக்கையில், இவ்வாண்டுப் போட்டிகள் எந்த ஆண்டின் விதிப்படி முதல் சுற்றிலிருந்து இறுதி வரை நடக்கும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் பாதிச் சண்டை தீரும். மாறிய விதிகளை மட்டும், காரணத்தோடும் ஆட்டச் சூழல் உதாரணங்களோடும், இரண்டு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையாக அச்சிட்டுத் தரலாம். ஃபிபாவே விதிப் புத்தகத்துக்குத் துணையாக, 'இவர் இப்படிச் செய்தால் தீர்ப்பு இது' என்ற முறையில் ஒரு விளக்கக் கையேட்டை வெளியிடுகிறது. அதில் பள்ளி ஆட்டத்துக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்து தமிழாக்கினாலே போதும். காணொளியைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றுவது போன்ற, நம் மைதானங்களுக்கு எட்டாத விதிகளை அதில் போட்டுப் பக்கத்தை நிரப்ப வேண்டாம்.

அதன் பின், குறுவட்டப் போட்டிகள் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில், மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் அலுவலகம் ஏதேனும் ஒரு பள்ளி மைதானத்தில் அரை நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அதைப் பணி நாளாகக் கணக்கிட்டு ஆசிரியர்களை விடுவிக்க வேண்டும்; மாணவியர் ஆட்டங்களை நடத்தும் ஆசிரியைகளையும், மேசையில் உட்காரும் மாணவர்களில் இருவரையாவதும் தவறாமல் அழைக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு நாள் குறிக்கப்பட்டால், சாக்பீஸோடும் சிவப்பு ரப்பர் பேண்டோடும் நான் வந்து நிற்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.