அந்த 'சாக்கு'ங்கிற வார்த்தையை வாபஸ் வாங்குங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல கல்வித் தலைவர்கள் தொடர்ல அமெரிக்காவுல அட்லாண்டா ஊர் கவர்மென்ட் ஸ்கூல்களுக்கெல்லாம் தலைமை அதிகாரியா இருந்த பெவர்லி ஹால் அம்மா பத்தி வந்ததைப் படிச்சேன், ஒரு தடவை இல்ல மூணு தடவை, மூணாவது தடவை கண்ணாடியைத் தொடச்சுட்டுப் படிச்சேன், என் கண்ணுலதான் கோளாறோன்னு ஒரு சந்தேகம். ஜமைக்காவுல பொறந்தது, புரூக்ளின்ல டீச்சரா ஆரம்பிச்சது, நியூவார்க்ல இருந்துட்டு 1999ல அட்லாண்டா ஸ்கூல் மாவட்டத்துக்கு சூப்பரின்டென்டென்டா வந்தது, 2009ல அமெரிக்காவுலயே சிறந்த சூப்பரின்டென்டென்ட்னு விருது வாங்கினது, எல்லாம் கரெக்டா இருக்கு. அதோட 'முற்றும்' போட்டுட்டீங்க. 2009க்கு அப்புறம் கட்டுரையாளருக்கு நெட் பேக் தீர்ந்துபோச்சா, இல்ல உங்களுக்குப் பக்கம் தீர்ந்துபோச்சான்னு தெரியல.

அதைக்கூட விட்டுடுவேன். சாக்குச் சொல்ற டீச்சர்களை ஒரு வழிக்குக் கொண்டுவந்தா ரிசல்ட் தானா வரும்னு அந்தம்மா காட்டிட்டாங்கன்னு ஒரு வரி, அதையும் கலர் பெட்டி கட்டி பெரிய எழுத்துல போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. 32 வருஷம் கவர்மென்ட் ஸ்கூல்ல கணக்கு எடுத்தவ நான். சாக்குங்கிற வார்த்தையை எத்தனை பேர் வாயால கேட்டிருப்பேன்னு எண்ணினா அந்தக் கணக்கே ஒரு நோட்டு ஆகும்.

பத்திரிகை நடத்துற உங்களுக்குத் தெரியாதது இல்ல, இருந்தாலும் சொல்றேன். 2015ல என் மகளுக்குப் பிரசவம்னு அந்த ஊருக்குப் போயிருந்தேன், ரிட்டயர் ஆன மறு வருஷம். ஏப்ரல் 1ஆம் தேதி, குழந்தையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டிட்டு வந்து உக்காந்தா டிவியில கோர்ட்டு. ராக்கெட்டியரிங்னு கேஸ், அதாவது மாஃபியா கும்பல் மேல போடற சட்டம், 12 பேர்ல 11 பேர் குற்றவாளின்னு தீர்ப்பு. அங்கேயே கைவிலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. யாருன்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டேன், டீச்சருங்க அத்தைன்னார். ஏப்ரல் ஒண்ணுங்கறதால விளையாடறார்னு நெனச்சேன். அந்தம்மா நடத்தின ஸ்கூல் மாவட்டத்துல டீச்சர், பிரின்சிபால், அதிகாரின்னு இருந்தவங்கதான் அத்தனை பேரும்.

நடந்தது இதுதான். 2002ல புஷ் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டம், 2014க்குள்ள எல்லாப் பிள்ளையும் கணக்குலயும் ரீடிங்லயும் தேறியாகணும்னுச்சு. எல்லாப் பிள்ளையும்னா நூத்துக்கு நூறு. பட்டினியா வர்ற பிள்ளை, வருஷத்துக்கு மூணு வீடு மாறற பிள்ளை எல்லாம் அதுல அடக்கம். அந்தம்மா அதுக்கு மேல தனியா ஒவ்வொரு ஸ்கூலுக்கும் டார்கெட் வெச்சாங்க, எட்டலைன்னா பிரின்சிபாலுக்கு வேலை போகும், எட்டினா போனஸ், அந்தம்மாவுக்கும் போனஸ். அங்க சூப்பரின்டென்டென்ட்னா நம்ம மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.) மாதிரின்னு வெச்சுக்கலாம், ஆனா ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டு எடுக்கற ஸ்கூல் போர்டு வேலைக்கு வைக்கிற ஆளு, பவர் ரொம்ப ஜாஸ்தி.

மார்க் எகிறுச்சு. எகிறின வேகம் இயற்கையா இல்லையேன்னு மொதல்ல கேட்டது அந்த ஊர் நாளிதழ்தான் ஐயா, உங்க தொழில் பண்றவங்கதான், அந்த வரியையாவது சேர்த்திருக்கலாம். அப்புறம் கவர்னர் உத்தரவுல விசாரணை, 2011 ஜூலையில ரிப்போர்ட். விசாரிச்ச 56 ஸ்கூல்ல 44ல மோசடி. 178 பேர் பேரு அதுல, அதுல 38 பேர் பிரின்சிபால், 82 பேர் ஒத்துக்கிட்டாங்க.

எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கறதுதான் கணக்கு டீச்சருக்கு ருசியான இடம். வட்டத்தைப் பென்சிலால நிரப்பற பரிட்சை. ரப்பர் போட்டு அழிச்சாலும் லேசா ஒரு கறை நிக்கும், ஸ்கேனர் அதைப் பிடிச்சுடும். பிள்ளை தானா யோசிச்சு அழிச்சா தப்பு சரியாவும் மாறும், சரி தப்பாவும் மாறும், ரெண்டும் நடக்கும். ஒரு கிளாஸ் முழுக்க அழிச்சதெல்லாம் தப்பிலேருந்து சரிக்கே போயிருந்தா? அழிச்ச கை பிள்ளையோட கை இல்ல, அவ்வளவுதான். லீவு நாள்ல ஒரு டீச்சர் வீட்டுல கும்பலா உக்காந்து அழிச்சிருக்காங்க, என்னமோ கல்யாண வீட்டுல காய் நறுக்கற மாதிரி. ஒரு மிடில் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் கொஸ்டின் பேப்பர் கவரை பிளேடால கீறி எடுத்துப் பாத்துட்டு லைட்டரால ஒட்டியிருக்கார், காசுக்காக இல்ல, ரிசல்ட் வரலைன்னா ஸ்கூலையே மூடிடுவாங்க, பிள்ளைங்க சிதறிப் போகும்னு பயந்து. தப்பு தப்புதான். ஆனா அந்தப் பயம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா?

வருஷா வருஷம் ஜார்ஜியா டோம்னு ஒரு பெரிய ஸ்டேடியத்துல எல்லா ஸ்கூல் ஸ்டாஃபையும் கூட்டுவாங்க. டார்கெட் எட்டின ஸ்கூல்காரங்களுக்குக் கீழே தரையில மரியாதையான இடம், எட்டாதவங்க மேல கேலரியில. மாப்பிள்ளை ஒருநாள் கார்ல போறப்ப அந்தக் கட்டடத்தைக் காட்டினார், 2017ல அதையும் வெடி வெச்சுத் தகர்த்துட்டாங்க. இன்னொரு ஸ்கூல்ல மார்க் குறைஞ்ச ஒரு டீச்சரை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் மேஜைக்கு அடியில தவழ விட்டிருக்கார் பிரின்சிபால். அந்த ரிப்போர்ட்லயே இருக்கு.

இதைக் கேட்டப்ப எனக்கு ஒண்ணும் அதிர்ச்சியா இல்ல ஐயா. நான் தவழல, ஆனா நின்னிருக்கேன். ஒரு வருஷம் பத்தாவது கணக்குல எங்க ஸ்கூல் 68 சதவீதம். ரிவ்யூ மீட்டிங்ல அதிகாரி குறைஞ்ச நம்பர்லேருந்து மேல வாசிச்சுக்கிட்டே வந்தார், வாசிக்க வாசிக்க ஒவ்வொருத்தரா எந்திரிக்கணும், உக்காருன்னு சொல்லவே இல்ல. என் பக்கத்துல நின்னவர் அந்த மே மாசம் ரிட்டயர் ஆகப்போற தமிழ் ஐயா, கையில ஃபைல் ஆடுது. டீ கொண்டுவந்த பையன் உக்காந்திருந்தவங்களுக்கெல்லாம் குடுத்துட்டு எங்ககிட்ட வந்து தட்டைப் பிடிச்சுக்கிட்டு முழிக்கிறான், நிக்கிறவங்களுக்குக் குடுக்கலாமா கூடாதான்னு அவனுக்குத் தெரியல. கடைசியில குடுக்காமலே போயிட்டான். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், சாக்கெல்லாம் வேண்டாம் டீச்சர்னுட்டார். நான் சொல்ல வந்தது என்னன்னா அந்த வருஷம் அக்டோபர் வரைக்கும் எங்க ஸ்கூல்ல கணக்குக்கு ரெண்டு போஸ்ட் காலிங்கறதுதான்.

அடுத்த வருஷம் நூறு சதவீதம் வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு சொல்லவா? ஒன்பதாவதுலயே தேறாத கேஸ்னு ஆறு பேர் லிஸ்ட் எடுத்தோம், அப்பா அம்மாவைக் கூப்பிட்டு பிள்ளைக்குத் தொழில் கத்துக்குடுங்கன்னு நைசா பேசி டி.சி. குடுத்து அனுப்பினோம். கிளாஸ் டீச்சர் நான்தான், லிஸ்ட் என் கையெழுத்துதான். அதுல ஒருத்தனோட அப்பா கும்பிடு போட்டு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனார். அட்லாண்டாவுல பதிலை அழிச்சாங்க, நாங்க பேரையே அழிச்சோம். அதே அதிகாரி எனக்குச் சால்வை போட்டார், அந்த போட்டோவை உங்க பத்திரிகைதான் மாவட்டப் பக்கத்துல போட்டுச்சு, என் இனிஷியலைத் தப்பா. அந்த ஆறுல ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுகிட்ட பஞ்சர் கடையில இருந்தான், என்னைப் பாத்தா பாக்காத மாதிரி குனிஞ்சுக்குவான், நல்ல பையன்.

அதனாலதான் சொல்றேன், அங்க அடிபட்டது பிள்ளைங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பேப்பர்ல பாஸ்னு வந்துட்டா அதுக்குக் கிடைக்க வேண்டிய ஸ்பெஷல் உதவி கிடைக்காது, அதான் பாஸ் ஆயிடுச்சேன்னு அடுத்த கிளாஸுக்கு ஏத்திடுவாங்க. இதெல்லாம் உங்க கட்டுரையில மாணவர் வெற்றிங்கற தலைப்புக்குக் கீழ வருது.

அந்தம்மாவைத் திட்டறதுக்கு நான் இதை எழுதல. 2013ல 35 பேர் மேல கேஸ் போட்டப்ப அவங்க பேரும் இருந்துச்சு, எனக்குத் தெரியாது, நான் செய்யச் சொல்லலைன்னு கடைசி வரைக்கும் சொன்னாங்க, கேன்சர் முத்திப்போய் கோர்ட்டுல நிறுத்த முடியல, தீர்ப்புக்கு ஒரு மாசம் முன்னாடி 2015 மார்ச்ல போயிட்டாங்க. குற்றவாளின்னு கோர்ட்டு சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். தேசிய அளவுல நடக்கற வேற ஒரு டெஸ்ட்லயும் அட்லாண்டா பிள்ளைங்க முன்னேறினாங்க, அதுல யாரும் கை வெச்சதா பேச்சே இல்ல, அதையும் உங்க ஆளு எழுதல. நல்லதையும் முழுசா எழுதல கெட்டதையும் எழுதல, ஆனா டீச்சர்தான் சாக்குச் சொல்றான்னு மட்டும் பெட்டி கட்ட இடம் இருந்திருக்கு.

இடம்னதும் ஞாபகம் வருது. கட்டுரைக்கு நடுவுல முழுப் பக்கம் நீட் கோச்சிங் விளம்பரம், ஸ்டாம்ப் சைஸ்ல முகம் முகமா. 2017லேருந்து பொதுத்தேர்வுல ரேங்க் அறிவிக்கறதைக் கவர்மென்டே நிறுத்திடுச்சு, நீங்க நிறுத்தல, மே மாசம் வந்தா சதவீதப் பட்டியல், முதலிடம் கடைசி இடம்னு. கடைசி இடத்துல இருக்கற ஸ்கூலுக்கு ஒரு நிருபரை அனுப்பி அங்க எத்தனை போஸ்ட் காலின்னு கேட்டு எழுதுங்கன்னு நாலு வருஷம் முன்னாடி ஒரு லெட்டர் போட்டேன். அதுல மொத ரெண்டு வரியை மட்டும், உங்களைப் பாராட்டி எழுதின ரெண்டு வரியை மட்டும், 'வாசகர் வாழ்த்து'ன்னு போட்டீங்க. பெரிய மனசு.

இப்ப கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். அடுத்த இதழ்ல ஒரு நாலு வரி திருத்தம், 2011ல ரிப்போர்ட் வந்துச்சு, 56ல 44ன்னு போடுங்க, கலர் பெட்டி வேண்டாம், சாதாரண எழுத்தே போதும். அந்தச் சாக்குங்கற வார்த்தைக்கு வருத்தம்னு ஒரு வார்த்தை சேர்த்தா சந்தோஷம். லெட்டர் நீளமாயிடுச்சு, பேரன் போன்ல வாய்ஸ் டைப்பிங் போட்டுக் குடுத்துட்டான், அதான். வெட்டணும்னா என் டீ கதையை வெட்டிக்கோங்க, 44ஐ வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருத்தி
(பேரு வேண்டாம், இனிஷியல் மறுபடியும் தப்பா வரும்)